டேம் பட்டினத்துப் பாடசாலை

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரிலிருந்து எயில்ஸ்பரிக்குச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 13 மைல் தொலைவில், டேம் என்னும் சிறு பட்டினம் உளது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர் நிலங்களுக்கு உடையவராயிருந்தவர் லிங்கன் மேற்றிராணியார். அவர் செய்த காரியம் ஒன்று இன்றும் அவ்வூரின் அமைப்பில் எழுதப்பட்டிருக்கின்றது. ஊருக்கு அப்பாற் சென்றுகொண்டிருந்த பெருவழியைத் தாம் புதிதாக அமைத்த சந்தைக்கூடாகத் திருப்பிவிட்டார். வழிச்செல்வோர் யாவரும் சந்தையைக் கடந்தே செல்ல வேண்டும். சந்தையைக் கடப்போர் வாங்குவர், விற்பர். வாங்கல் விற்றல் நடக்குமிடத்து ஆயம் தண்டலாம். நடுவிற் படகுபோல் அகன்று இரு முனையும் ஒடுங்கிய டேமின் பிரதான வீதி இவ்வாறு பிறந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் அங்கே இன்றும் சந்தை கூடுகின்றது.

இச்சந்தைப் பட்டினத்தில் வில்லியம்ஸ் பிரபுவின் பெயரால் ஒரு பாடசாலை நாலரை நூற்றாண்டுகளாக இருந்து வருகின்றது. கல்வி வரலாற்றை நாம் பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவும் மந்திரிமாரின் வரலாறாகவுமே கற்கின்றோம். சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு தெரியும். அச்சட்டத்தினால் எந்தப் பிள்ளை எந்த வாசலினூடாக உள்ளே போனது, எந்தப் பிள்ளை வெளியே நிறுத்தப்பட்டது என்பது தெரியாது. ஒரு சிற்றூரின் ஒரு பாடசாலையை எடுத்து நோக்கின் அது தெளிவாகும். டேம் அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு என்பது எமது எண்ணம்.

பாடசாலையை நிறுவிய ஜோன் வில்லியம்ஸ் யார்? எட்டாம் ஹென்றி மன்னன் துறவிமடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களைப் பறித்தபோது, அப்பறிமுதலை நடத்திய அதிகாரிகளுள் ஒருவர். முதலில் அரசனின் ஆபரணக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாளர். பின்னர் மடங்களின் சொத்துக்களை நிருவகிப்பதற்கென்றே அமைக்கப்பட்ட மன்றத்தின் பொருளாளர். மடங்களின் பொன்னும் வெள்ளியும் அரசனைச் சேர்ந்தன. நிலங்களுட் கணிசமான பங்கு பொருளாளரைச் சேர்ந்தது. அவருடைய அரசியற் சாமர்த்தியம் வியக்கத்தக்கது. கத்தோலிக்க மேரி அரியணை ஏறியதும் அவள் பக்கம் நின்று 1554இல் பிரபுப் பட்டம் பெற்றார். 1555இல் ஒக்ஸ்போர்ட்டில் லற்றிமர், றிட்லி என்னும் புரட்டஸ்தாந்த மேற்றிராணிமார் உயிருடன் எரிக்கப்பட்டபோது அரசின் சார்பில் அங்கு நின்று அதனை மேற்பார்த்தவர் இவரே. மேரிக்குப் பின் புரட்டஸ்தாந்த எலிசபெத் வந்தாள்; வில்லியம்ஸ் பிரபு அவளிடமும் உயர்பதவி பெற்று, 1559இல் அப்பதவியிலிருந்தவாறே இயற்கை மரணம் எய்தினார். நான்கு ஆட்சிகளையும் கடந்து தலையும் நிலமும் தப்பியவர்கள் அக்காலத்தில் அதிகம் பேரில்லை.

அவருடைய மரணசாசனப்படி 1570ஆம் ஆண்டளவில் டேம் தேவாலயத்தின் அருகே பாடசாலை எழுந்தது. ஒக்ஸ்போர்ட் நியூ கல்லூரிக்கு அதன் பாதுகாவற் பொறுப்பு அளிக்கப்பட்டது. பாடம் இலத்தீன் இலக்கணம். 'கிராமர் ஸ்கூல்' என்னும் பெயரே அதனாற்றான் ஏற்பட்டது. துறவிமடத்து நிலத்தின் வருவாய் இவ்வாறு சிறு நிலவுடைமையாளர், வணிகர் ஆகியோருடைய ஆண்மக்களின் கல்வியாக மாறியது. எழுந்துவந்த ஒரு வர்க்கத்துக்கு எழுத்தும் சட்டமும் தேவைப்பட்டன. அத்தேவையை இத்தகைய பாடசாலைகள் நிறைவு செய்தன.

அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. இப்பாடசாலையிற் படித்த ஜோன் ஹம்டன், பாராளுமன்றத்தின் இசைவின்றி முதலாம் சாள்ஸ் விதித்த கப்பல் வரியைச் செலுத்த மறுத்தவர். வழக்கிலிருந்த தொகை 20 சிலிங் மாத்திரமே. 1637இல் தொடங்கிய அவ்வழக்கில் நீதிபதிகள் பன்னிருவருள் எழுவர் மன்னனுக்குச் சார்பாகவும் ஐவர் எதிராகவும் நின்றனர். சட்டத்தில் வென்ற மன்னன் நாட்டில் தோற்கத் தொடங்கியது அன்றுதான். 1642 ஜனவரி 4ஆம் நாள், ஹம்டன் உட்பட ஐந்து உறுப்பினரைச் சிறைசெய்வதற்கு ஆயுதம் தாங்கிய ஆட்களுடன் மன்னன் பாராளுமன்றத்துள் நுழைந்தான். ஐவரும் முன்னரே தப்பிச் சென்றிருந்தனர். அவர்கள் எங்கே எனக் கேட்ட மன்னனுக்கு, சபை பணித்தாலன்றித் தமக்குக் காணக் கண்ணுமில்லை, பேச நாவுமில்லை என மண்டியிட்டு விடையளித்த சபாநாயகர் வில்லியம் லெந்தாலும் டேம் பாடசாலையின் பழைய மாணவரே. மறுஆண்டு யூன் மாதம் சால்குறோவ் என்னுமிடத்தில் நடந்த போரிற் காயமுற்ற ஹம்டன் டேம் பட்டினத்துக்கே கொண்டுவரப்பட்டு, ஆறு நாட்களின் பின் அங்கு உயிர்நீத்தார். சிறிது காலத்தின் பின் அதே பாடசாலையிற் கற்ற அந்தோனி வூட், உள்நாட்டுப் போரின் குதிரைப் படைகள் பட்டினத்துள் வந்து மோதியதைச் சிறுவனாகக் கண்டு, பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

ஒரு வர்க்கம் வெற்றி பெற்றுத் தன் இடத்தில் அமர்ந்துகொண்ட பின், அவ்வர்க்கத்தை உருவாக்கிய பாடசாலைக்கு என்ன நேர்கின்றது? 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டேம் பாடசாலையின் நிலை நகைப்புக்கிடமானது. இங்கிலாந்தின் அறக்கட்டளைப் பாடசாலைகளை ஆராய 1864இல் நியமிக்கப்பட்ட டோன்டன் ஆணைக்குழுவின் ஆட்கள் டேமுக்கு வந்தபோது கண்டது, சம்பளம் பெறும் ஆசிரியர் இருவர், மாணவன் ஒருவன். அதே பட்டினத்திற் கட்டணம் வாங்கும் தனியார் பாடசாலையோ பிள்ளைகளால் நிறைந்திருந்தது.

ஆசிரியரின் சோம்பல் என்று மாத்திரம் இதனைக் கூறிவிடுவது எளிது. காரணம் வேறொன்றும் உண்டு. லீட்ஸ் நகரப் பாடசாலை தொடர்பான வழக்கில் 1805இல் எல்டன் பிரபு வழங்கிய தீர்ப்பு, இலக்கணப் பாடசாலையின் அறக்கட்டளைப் பணத்தை இலத்தீன், கிரேக்கம் தவிர்ந்த பாடங்களுக்குத் திருப்பலாகாது என்ற தடையை உறுதிப்படுத்தியது. 1840இல் ஒரு சட்டம் அத்தடையைத் தளர்த்திய போதிலும் பழக்கம் தளரவில்லை. டேம் சந்தைக்குத் தானியமும் மாடும் கொண்டுவந்த கமக்காரனுக்குத் தன் மகன் கணக்கெழுதவும், நிலம் அளக்கவும், கடிதம் வரையவும் வேண்டும். 1862இற் புகையிரதம் வேறு வந்துவிட்டது. இலத்தீன் வினைத்திரிபை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? பணத்தைக் கொடுத்துத் தனியாரிடம் அனுப்பினான். கொடுக்கப் பணமில்லாத கூலியாளின் மகன் இக்கணக்கில் எங்குமே வரவில்லை.

1868இல் வெளிவந்த ஆணைக்குழுவின் அறிக்கை, இடைநிலைக் கல்வியை மூன்று தரங்களாகப் பிரிக்க வேண்டும் என்றது. 18 வயது வரை கற்போர், 16 வயது வரை கற்போர், 14 வயது வரை கற்போர் என்பன அத்தரங்கள். இவை முறையே மத்தியதர வர்க்கத்தின் மேற்படி, நடுப்படி, கீழ்ப்படிக்கு உரியன என அறிக்கை ஒளிவுமறைவின்றிக் கூறிற்று. உடலுழைப்பாளருக்கு ஆரம்பக் கல்வியே அளவு; அதற்கு 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்யும். இதனை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். ஏனெனில் இம்மூன்று என்ற எண் முக்கால் நூற்றாண்டின் பின் வேறு வேடத்தில் மீண்டும் வரப்போகின்றது.

டேம் பாடசாலை 1872இல் மூடப்பட்டது. இங்கிலாந்தின் கமத்தொழிலாளர் யோசப் ஆர்ச்சின் தலைமையிற் தம் முதலாவது தேசிய சங்கத்தை அமைத்ததும் அவ்வாண்டிலேதான். பாடசாலை 1879இல் ஒக்ஸ்போர்ட் வீதியிற் புதிய கட்டடத்தில் மீண்டும் திறக்கப்பட்டபோது பாடத்திட்டம் புதுமையடைந்திருந்தது. வாசல் அவ்வளவு அகன்றிருக்கவில்லை. பட்டினத்தின் ஏழைகளுக்கென வேறொரு பெரிய கட்டடம் இருந்தது. அது 1834ஆம் ஆண்டு வறியோர் சட்டத்தின்கீழ் எழுந்த தொழிலில்லம். (அக்கட்டடம் பிற்காலத்தில் மரவேலை முதலிய கைவினைகள் பயிற்றும் கல்லூரியாக மாறியது. கட்டடங்களுக்கும் சில வேளை நற்கதி கிட்டுகின்றது.)

இடையிலுள்ள அரை நூற்றாண்டை விரைந்து கடக்கலாம். 1902ஆம் ஆண்டுச் சட்டம் இடைநிலைக் கல்வியை மாவட்ட சபைகளின் பொறுப்பாக்கிற்று. 1907 முதல் அரச உதவி பெறும் இடைநிலைப் பாடசாலைகள், பொதுவாக, நாலில் ஓர் இடத்தை ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டியதாயிற்று. அவ்விடங்களுக்குப் பரீட்சை வைத்தனர். அப்பரீட்சையே பின்னர் பூதாகாரமாய் வளர்ந்தது.

1944இல் பட்லர் சட்டம் வந்தது. அரச பாடசாலைகளில் இடைநிலைக் கல்வி எல்லோர்க்கும் இலவசமாயிற்று. பாடசாலை விடும் வயது 1947இல் 15 ஆக உயர்ந்தது. இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும் 'எல்லோர்க்கும் இடைநிலைக் கல்வி' என்பது 'எல்லோர்க்கும் ஒரே இடைநிலைக் கல்வி' என்று பொருள்படவில்லை. சட்டத்தின் வாசகத்தில் மூவகைப் பாடசாலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் முந்திய ஆண்டு, அதாவது 1943இல் வெளியான நோர்வூட் அறிக்கை மூவகை மனங்கள் உண்டெனக் கண்டிருந்தது. நூலறிவில் நாட்டமுடைய மனம், பொறிநுட்பத்தில் நாட்டமுடைய மனம், கருத்துக்களைவிடப் பருப்பொருள்களையே எளிதிற் கையாளும் மனம் என்பன அவை. 1868இல் மூன்று வர்க்கங்களாயிருந்தவை 1943இல் மூன்று மனங்களாகிவிட்டன! முன்னையவர்கள் உண்மையைப் பேசினார்கள் என்றாவது சொல்லலாம்.

நடைமுறையிற் தொழில்நுட்பப் பாடசாலைகள் மிகச் சிலவே எழுந்தன. எஞ்சியவை இரண்டு: கிராமர் பாடசாலையும், 'நவீன இடைநிலைப் பாடசாலை' எனப் பெயர் சூட்டப்பட்ட மற்றையதும். டேமில் வில்லியம்ஸ் பிரபுவின் பாடசாலை முன்னையது. ஒரு பழைய நிலவுடைமைக் குடும்பத்தின் பெயர்தாங்கிய வென்மன் பாடசாலை பின்னையது. ஒரே சந்தைக்குச் செல்லும் ஒரே வீதிப் பிள்ளைகள் 11 வயதில் இரு திசையாகப் பிரிந்தனர். பிரித்தது ஒரு காலைப்பொழுதின் வினாத்தாள்: ஆங்கிலம், எண்கணிதம், 'நுண்மதி'. நாடு முழுவதற்கும் நோக்கின் ஐந்தில் ஒரு பிள்ளைக்குச் சற்று அதிகமாகவே கிராமர் பாடசாலை கிட்டியது. ஆயினும் அது வாழும் இடத்தைப் பொறுத்தது. இடங்கள் அதிகமுள்ள மாவட்டத்தில் 'அறிவாளி'யான பிள்ளை, குறைவாயுள்ள மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தால் 'அறிவிலி' ஆகிவிடும். நவீன பாடசாலைக்குச் சென்றோருட் பெரும்பாலோர் 15 வயதில் ஒரு சான்றிதழுமின்றி வெளியேறினர். பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் வேடிக்கையானது; டேமின் கிராமர் பாடசாலை நானூறு ஆண்டுகளாக ஆண்களுக்கே உரியதாயிருந்தமையால், தேறிய பெண் ஊரைவிட்டு வெளியே சென்றே கற்க வேண்டும்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் பிள்ளைகளை இரவு பகலாக ஆயத்தம் செய்யும் நாட்டில் ஆசிரியத் தொழில் புரிவோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நுண்மதி என்பது பிறப்பிலேயே அமைந்து மாறாதிருப்பது, அதனை 11 வயதில் அளந்துவிடலாம் என்ற கொள்கைக்கு விஞ்ஞானத்தின் முத்திரையை அளித்தவர்களுள் முதன்மையானவர் உளவியலாளர் சிறில் பேட். இதனை எதிர்த்து எழுந்த குரல்களுட் குறிப்பிடத்தக்கது பிறையன் சைமனுடையது. மான்செஸ்டர், சல்போர்ட் பாடசாலைகளில் ஆசிரியராயிருந்து பின் லெஸ்டரில் விரிவுரையாளரான இப்பொதுவுடைமையாளர், 1953இல் வெளியிட்ட நூலில் நுண்மதிச் சோதனையின் வினாக்களையே எடுத்துப் பிரித்துக் காட்டினார். புத்தகமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இயல்பாய் வரும் சொல்லும் வழக்கமுமே அங்கு 'பிறவி ஆற்றல்' என அளக்கப்பட்டன என்பது அவர் வாதம். 1957இல் உளவியலாளர் குழுவொன்று பயிற்சியினாற் சோதனைப் புள்ளி உயரும் என ஒப்புக்கொண்டது. பயிற்சியால் உயர்வது பிறவிக்குணம் ஆகுமா? அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, மிகச் சிறந்த தெரிவு முறையினாலும் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை வீதம் பிழையான பாடசாலைக்குச் செல்வதைத் தவிர்க்க முடியாது எனக் கணித்தது. பேட் 1971இல் இறந்தார். இரட்டைப் பிள்ளைகள் பற்றிய அவருடைய புள்ளிவிபரங்கள் புனையப்பட்டவை என்ற குற்றச்சாட்டு 1976இற் பகிரங்கமாயிற்று. அவர்பால் வாதாடுவோர் பின்னரும் உளர். அப்புள்ளிவிபரங்களை நம்பி எழுதுவோரைக் காண்பது அரிது.

1965 யூலையில் தொழிற் கட்சியின் கல்வி மந்திரி அந்தனி குறொஸ்லண்ட், எல்லாப் பிள்ளைகளையும் தெரிவின்றிச் சேர்க்கும் 'கொம்பிரிகென்சிவ்' பாடசாலைகளை (நாம் 'பொது இடைநிலைப் பாடசாலை' எனலாம்) அமைக்கத் திட்டம் சமர்ப்பிக்குமாறு மாவட்ட சபைகளுக்குச் சுற்றுநிருபம் அனுப்பினார். 'பணிக்கின்றோம்' என்று எழுதுவதா, 'வேண்டுகின்றோம்' என்று எழுதுவதா என்ற விவாதத்தில் 'வேண்டுகின்றோம்' வென்றது. ஒரு சொல்லின் விளைவு எத்துணை நீண்டது என்பதைக் கட்டுரையின் இறுதியிற் காண்போம்.

டேமில் 1971ஆம் ஆண்டு வில்லியம்ஸ் பாடசாலையும் வென்மன் பாடசாலையும் ஒன்றாயின. அப்போது ஆட்சியிலிருந்தது பழைமைக் கட்சி. கல்வி மந்திரி மார்கிறட் தாட்சர். அவர் பதவியேற்றதும் குறொஸ்லண்டின் சுற்றுநிருபத்தை மீளப்பெற்றார். எனினும் வேறெந்தக் கல்வி மந்திரியின் காலத்திலும் பார்க்க அவர் காலத்திலேயே அதிக தொகையான பொது இடைநிலைப் பாடசாலைகள் அங்கீகரிக்கப்பட்டன. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளச் சந்தைப் பட்டினமே தகுந்த இடம். டேம் போன்ற ஊர்களிற் பெரும்பான்மையோர் சோசலிஸ்டுகள் அல்லர். ஆயினும் ஐந்தில் நான்கு பிள்ளைகள் தவறும் பரீட்சையிற் கடைக்காரன் பிள்ளையும் தவறும், கமக்காரன் பிள்ளையும் தவறும், வங்கி முகாமையாளர் பிள்ளையும் தவறும். மேலும், சிற்றூரொன்றில் இரு சிறு பாடசாலைகள் தனித்தனியே ஆய்வுகூடமும் உயர்வகுப்பும் நடத்துவது வீண்செலவு. 1972இற் பாடசாலை விடும் வயது 16 ஆக உயரவிருந்தது. இடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும். சமத்துவக் கொள்கை வழிகாட்டியது உண்மையே. கொள்கையைச் சுமந்து சென்ற தோள்களுட் பல, சமத்துவத்தைப் பற்றிக் கனவிலும் நினையாதவை. இதனை ஒப்புக்கொள்வதால் முற்போக்காளருக்கு இழுக்கில்லை.

ஒன்றான பாடசாலை இரு வளவுகளில் இயங்கியது. பழைய கிராமர் பாடசாலையின் வளவு மேற்பிரிவு. பழைய வென்மன் வளவு கீழ்ப்பிரிவு. முன்னர் இப்பிள்ளை இங்கே, அப்பிள்ளை அங்கே என்றிருந்தது போய், எல்லாப் பிள்ளைகளும் முதலில் அங்கே, பின்னர் இங்கே என்றாயிற்று. பெண்பிள்ளைகளும் வந்தனர். சிறு வயதில் எல்லோரும் ஒரே வாசலினூடாக நுழைவது என்பது பெரிய நகரங்களில் இவ்வளவு முழுமையாக நிகழவில்லை. அங்கே பணக்காரப் பகுதிக்கு ஒரு பாடசாலை, வறிய பகுதிக்கு ஒரு பாடசாலை எனப் பெயரளவிலேயே 'பொது' நின்றது. ஒரே பாடசாலையுள்ள சந்தைப் பட்டினத்தில் மருத்துவர் மகளும் மாட்டுச்சந்தைக் கூலியாள் மகனும் சேர்ந்தமர வேறு வழியில்லை.

சேர்ந்தமர்ந்தார்களா என்பது அடுத்த கேள்வி. தொழிற் கட்சித் தலைவர்கள் 'எல்லோருக்கும் கிராமர் பாடசாலை' என்றே மக்களுக்கு இதனை விற்றனர். அதனால் நாடெங்கும் பல பொதுப் பாடசாலைகள், வாசலிற் களைந்த தெரிவை வகுப்பறைக்குள் ஏற்றன. மேல்வகுப்பு, இடைவகுப்பு, கீழ்வகுப்பு எனத் தரம்பிரித்தன. வினாத்தாளும் இரண்டாயிருந்தது: ஒரு சாராருக்குப் பல்கலைக்கழகத்தை நோக்கிய பொதுத் தராதரப் பத்திரம், மற்றவருக்கு 1965இற் தொடங்கிய இடைநிலைச் சான்றிதழ். இரண்டும் 1988இலேதான் ஒரே பரீட்சையாயின. பாடசாலைகளை ஒன்றாக்க ஒரு கையொப்பம் போதும். ஆசிரியரின் மனத்திலுள்ள இரு பட்டியல்களை ஒன்றாக்கும் வேலை மிகமிக மெதுவாக நடப்பது. அதனைச் செய்ய வேண்டியவர்களும் நாமே.

1965இற் பத்தில் ஒரு பிள்ளைகூடப் படிக்காத பொது இடைநிலைப் பாடசாலைகளில், 1980ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் அரச பாடசாலைப் பிள்ளைகளுள் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேற் படித்தனர். பின்னர் வேறொரு காற்று வீசியது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரை நுகர்வோராகவும் பாடசாலைகளைப் போட்டிக் கடைகளாகவும் ஆக்கிற்று. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பெருந்தொகையான பாடசாலைகள் மாவட்ட சபையின் பொறுப்பிலிருந்து விலகி, மத்திய அரசின் பணத்தில் நேரடியாக இயங்கும் 'அக்கடமி'களாயின. டேம் பாடசாலையும் அவற்றுள் ஒன்று. அது இன்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டது. தெரிவுப் பரீட்சை இல்லை. ஆனால் நல்ல பொதுப் பாடசாலை உள்ள ஊரில் வீட்டு விலை ஏறும் என்பது இங்கிலாந்தில் எவரும் அறிந்த சங்கதி. பரீட்சை எடுத்துப் பெற முடியாத இடத்தை வீடு வாங்கிப் பெறலாம்.

'வேண்டுகின்றோம்' என்ற சொல்லுக்கு இப்போது வருவோம். வேண்டுகோளை மறுக்கலாம், பக்கிங்காம்ஷயர் மறுத்தது. டேமின் வடபுறத்தே ஓடும் சிற்றாறே மாவட்ட எல்லை. ஆற்றுக்கு இப்பால் ஒக்ஸ்போர்ட்ஷயர். அப்பால், 3 மைல் தொலைவிலுள்ள ஹடனம் கிராமத்திலிருந்து, பக்கிங்காம்ஷயர். டேமுக்கு வந்துகொண்டிருந்த பிரயாணிகள் புகையிரதம் 1963இல் நிறுத்தப்பட்டபின், 1987இல் இரு ஊர்களுக்கும் பொதுவாக ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அது இருப்பது ஹடனத்தில். புகையிரத நிலையம் பொது. பாடசாலை முறை வேறு. அப்பால் வாழும் பிள்ளைக்கு 11 வயதுப் பரீட்சை இன்றும் உண்டு. அம்மாவட்டத்தில் 13 கிராமர் பாடசாலைகளும் இங்கிலாந்து முழுவதிலும் 163 கிராமர் பாடசாலைகளும் எஞ்சியுள்ளன.

பக்கிங்காம்ஷயர் மண்ணின் மைந்தர் ஜோன் ஹம்டனுக்கு எயில்ஸ்பரிச் சந்தைச் சதுக்கத்தில் வெண்கலச் சிலை உண்டு. ஹை விக்கம் என்னும் ஊரில் அவர் பெயரால் ஆண்கள் பாடசாலையும் உண்டு. 20 சிலிங்குக்காக மன்னனை எதிர்த்தவர் படித்த டேம் பாடசாலை, ஆற்றின் இக்கரையில், வரும் பிள்ளைகளைப் பரீட்சையின்றிச் சேர்த்துக்கொள்கின்றது. அவர் பெயர் பொறித்த ஹை விக்கம் பாடசாலையிற் சேர்வதற்குப் பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டும்.